ஓடும் வண்டிக்கு ஒரு வைஃபை ஆன்டெனா: செம்புக் கம்பியில் நாமே செய்யலாம்

இரண்டு வண்டிகளில் சேர்ந்து பயணம் போவது எங்கள் வழக்கம். செல்போன் சிக்னல் இல்லாத சாலைகளில் முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் பேச்சே இருக்காது. ஆளுக்கொரு ரௌட்டரை வண்டிக்குள் வைத்துப் பார்த்தோம். இரும்புக் கூடு சிக்னலை விழுங்கிவிட்டது, ஐம்பது மீட்டர் தள்ளினால் இணைப்பு அறுந்தது. ஆன்டெனாவைக் கூரைக்கு ஏற்றியதும் நேர்ச்சாலையில் முன்னூறு மீட்டர் வரை தாங்குகிறது. நடுவில் லாரி புகுந்தால் மட்டும் திணறும்.

தகர டப்பாவில் ஆன்டெனா செய்யும் குறிப்புகள் நிறைய உண்டு. வண்டிக்கு அது வேண்டாம். டப்பா ஒரு திசையைத்தான் பார்க்கும், வண்டியோ வளைவுக்கு வளைவு திரும்பும். கடையில் விற்கும் நீளமான 9 டிபிஐ (சிக்னலை ஒரு பக்கமாகக் குவிக்கும் திறனின் அளவு) குச்சியும் எனக்குப் பிடிக்காது. அது சிக்னலைத் தோசை மாதிரித் தட்டையாகப் பரப்புகிறது, மேடு பள்ளத்தில் வண்டி சாய்ந்தால் தோசை தலைக்கு மேலே போய்விடும். சுற்றிலும் பரப்புகிற கால் அலை ஆன்டெனாதான் சரி, அதாவது அலைநீளத்தில் கால்பங்கு உயரமுள்ள கம்பி.

தேவையானவை: பெட்டியின் தகட்டில் பொருத்தும் வகை (சேசிஸ் மவுண்ட்) என்-டைப் பெண் கனெக்டர், அதாவது ஆன்டெனா கேபிளைத் திருகி மாட்டும் முனை ஒன்று, நான்கு மூலையிலும் துளை உள்ள சதுரத் தட்டுடன். வீட்டு வயரிங்கின் 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, ஒரே கம்பியாக இருப்பது; பல இழை வேண்டாம். பிறகு கேபிள், சால்டரிங் அயர்ன், வெர்னியர் காலிப்பர். சாதா ஸ்கேலில் வேலை நடக்காது என்பது என் கட்சி.

அளவுக் கணக்கு இதுதான். வைஃபையின் 6-வது சேனல் 2437 மெகாஹெர்ட்ஸ், அதன் அலைநீளம் 123 மி.மீ., அதில் கால்பங்கு ஏறக்குறைய 31 மி.மீ. நடுக்கம்பி 31. மூலைத் துளைகளில் சால்டர் செய்யும் நான்கு தரைக் கம்பிகள் (ஆன்டெனாவுக்கு அடித்தளமாக நிற்பவை) 32 அல்லது 33. அவற்றை 45 டிகிரி கீழ்நோக்கி மடக்குங்கள். படுக்கையாக விட்டால் ஆன்டெனாவின் மின்மறுப்பு (இந்த அதிர்வெண்ணில் அது காட்டும் எதிர்ப்பு) 36 ஓம் பக்கம் நிற்கும், சரித்தால் கேபிளுக்கு ஏற்ற 50 ஓமுக்கு வரும்.

நான் வழுக்கி விழுந்தது நடுக்கம்பியில்தான். 31 மி.மீ. துல்லியமாக வெட்டி, கனெக்டரின் ஊசி மேல் வைத்துச் சால்டர் செய்தேன். பார்க்க அழகாக இருந்தது, ரௌட்டரோடு வந்த குச்சியைவிட மோசமாக வேலை செய்தது. இரண்டு நாள் கேபிளைத் திட்டினேன். விஷயம் என்னவென்றால், அந்த ஊசியே தட்டுக்கு மேல் சில மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது, அதுவும் ஆன்டெனாதான்! 5 மி.மீ. கூடிப்போனால் ஆன்டெனா 2100 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடிவிடும். ஆகவே அளவைத் தட்டின் மேற்பரப்பிலிருந்து எடுங்கள். கம்பியைக் கொஞ்சம் நீளமாகவே வைத்துச் சால்டர் செய்து, ஆறிய பிறகு நுனியை வெட்டி மொத்தம் 31 ஆக்குங்கள். சால்டர் உருண்டையாகக் குவிந்தால் அரத்தால் ராவிவிடுங்கள். கடைசியில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். நடு ஊசிக்கும் உடலுக்கும் தொடர்பு காட்டக் கூடாது.

கேபிளை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். இந்த அதிர்வெண்ணில் ஆர்ஜி-58 என்ற சாதா கேபிள் மீட்டருக்குச் சுமார் 1 டெசிபெல் தின்னும். மூன்று மீட்டர் போட்டால் பாதிச் சக்தி கேபிளிலேயே போச்சு. நான் இழப்பு குறைந்த எல்எம்ஆர்-200 கேபிள் வாங்கி ஒன்றரை மீட்டரோடு நிறுத்திக்கொண்டேன், ரௌட்டரைக் கூரையின் உட்பக்கம் ஒட்டிவிட்டேன்.

ரௌட்டர் முனையில் ஒரு கண்ணி உண்டு. எஸ்எம்ஏ, அதில் ஊசியும் துளையும் இடம் மாறிய ஆர்பி-எஸ்எம்ஏ என்ற இரண்டு திருகு கனெக்டர்களும் ஒன்றோடொன்று ஜோராக முறுக்கி இறுகும். ஆனால் துளைக்குத் துளை சேர்ந்தால் நடுவில் தொடர்பே இராது. பெரும்பாலான ரௌட்டர்களில் இருப்பது ஆர்பி. வாங்கும்முன் ஊசி எந்தப் பக்கம் என்று கண்ணால் பாருங்கள்.

மின்சாரம்: வண்டியின் 12 வோல்ட் பெயருக்குத்தான். ஓடும்போது 14-ஐத் தாண்டும், ஸ்டார்ட் செய்யும் நொடியில் 10-க்குக் கீழே விழும், ரௌட்டர் அணைந்து மறுபடி எழும். ஏற்றவும் இறக்கவும் தெரிந்த பக்-பூஸ்ட் கன்வெர்ட்டர் ஒன்றையும் ஃப்யூஸையும் போட்டுவிடுங்கள்.

அமைப்பில் முன்வண்டி அக்சஸ் பாயின்ட் (வைஃபையை வழங்குவது), பின்வண்டி கிளையன்ட் (அதில் இணைவது). சேனலை ஆட்டோவில் விடாமல் 6 என்று பூட்டுங்கள், ஐபி முகவரிகளையும் நிலையாகக் கொடுங்கள். இணைப்பு அறுந்தால் தேடலும் முகவரி கேட்பதும் சில நொடிகளைத் தின்கின்றன. மணிக்கு 60 கி.மீ. என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். சாலையோர அக்சஸ் பாயின்ட் ஒன்றின் 200 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தை 12 நொடியில் கடந்துவிடுவோம், அதில் பாதி இணைப்புக்கான கைகுலுக்கலுக்கே போனால் என்ன மிஞ்சும்? வேகத்தால் அதிர்வெண் விலகுமே என்று சிலர் பயப்படுகிறார்கள். 100 கி.மீ. வேகத்தில் அது 226 ஹெர்ட்ஸ்தான், வைஃபைக்கு ஒரு பொருட்டே இல்லை.

சோதனையை நின்ற வண்டியில் தொடங்குங்கள். ஆறு செ.மீ. நகர்ந்தாலே சிக்னல் அளவு தாவும், எதிரொலிப்புகளின் வேலை அது. நாலைந்து இடத்தில் பார்த்துச் சராசரி எடுங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த ஒருவர், தரைக் கம்பிகள் இல்லாமல் காந்த அடியில் வைக்கலாமா என்று கேட்டார். இரும்புக் கூரை என்றால் தாராளமாக, கூரையே தரையாகிவிடும். ஆனால் அவருடையது ஃபைபர் கூரை. காந்தமும் ஒட்டவில்லை, சிக்னலும் வரவில்லை. அங்கே கம்பிகள் கட்டாயம்.

இன்னொருவருக்கு முதல் மழையிலேயே நின்றுபோனது. மேலே பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தார், நீர் உள்ளேயே வியர்த்துத் தேங்கிவிட்டது. மூடியின் அடிப்பக்கம் சின்னத் துளை ஒன்று போடுங்கள், கனெக்டர் மீது தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள்.