வன்னிக்கு ஒருநாள் காரில் வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருடம் மாசி மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் சொந்தக்காரர் ஒருவர் குடும்பத்தோடு காரில் வந்தார். கையில் ஒரு தாள். முறிகண்டி, வவுனிக்குளம், ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, வற்றாப்பளை, முல்லைத்தீவுக் கடற்கரை, நாயாறு, திரும்பும் வழியில் சுண்டிக்குளம் என்று எட்டு இடங்களை வரிசையாக எழுதியிருந்தார். "எல்லாம் கிட்டக் கிட்டத்தானே" என்றார். பொழுதுபடும் நேரம் எங்கள் வீட்டு வாசலில் கார் வந்து நின்றபோது பிள்ளைகள் அழுது களைத்துப் பின்சீற்றில் தூங்கிவிட்டார்கள். எட்டில் நான்கு இடம் பார்த்தார்களாம். எது பிடித்தது என்று கேட்டேன். அவரால் எதையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வன்னிக்கு வருகிறவர்கள் செய்கிற முதல் தவறு இதுதான். யாழ்ப்பாணம்-கண்டி நெடுஞ்சாலையான ஏ9 வீதியில் ஓடிவந்த வேகத்தை மனதில் வைத்துக்கொண்டு மற்ற வீதிகளுக்கும் கணக்குப் போடுகிறார்கள். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக வந்தாலும் அதே அளவுதான். இந்த இரண்டு வீதிகளிலும் கார் சுகமாக ஓடும். ஆனால் பார்க்க வேண்டியவை வீதியோரத்தில் இல்லையே. குளத்துக்கும் கரைக்கும் போகிற கிளைவீதிகள் பெரும்பாலும் கிரவல் வீதிகள். ஐந்து கிலோமீட்டருக்கு அரை மணித்தியாலம் எடுக்கிற துண்டுகளும் உண்டு.

என்னைக் கேட்டால், ஒருநாளைக்கு இரண்டு கோவில், ஒரு குளம், ஒரு கரை போதும். மாங்குளத்தில் ஏ9 ஐ விட்டு இறங்கி ஒட்டுசுட்டான் பக்கம் வாருங்கள். வழியில் கற்சிலைமடு வரும். 1803 ஒக்ரோபர் 31 இல் ஆங்கிலேயப் படையின் கப்டன் டிரிபேர்க் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாகச் சொல்லும் கல் நாட்டப்பட்ட இடம் அது. பத்து நிமிடம் போதும், ஆனால் இறங்கிப் பார்க்காமல் போகாதீர்கள். அங்கிருந்து தான்தோன்றீஸ்வரர் கோவில். அறுத்த குரக்கனின் ஒட்டை, அதாவது அடித்தாளைச் சுட்ட நிலத்தில் லிங்கம் வெளிப்பட்டதாம், அதனால்தான் ஊருக்கு ஒட்டுசுட்டான் என்று பெயர் வந்ததாம் என்பார்கள் எங்கள் பெரியவர்கள். பிறகு முத்தையன்கட்டுக் குளக்கட்டில் ஒரு மர நிழல் பார்த்து, கொண்டுவந்த சோற்றுப் பார்சலைப் பிரியுங்கள். அதற்குப் பிறகு முள்ளியவளை, வற்றாப்பளை. அம்மன் கோவிலுக்குப் பக்கத்திலேயே நந்திக்கடல் என்ற கடல்நீரேரி. திரும்பும்போது புதுக்குடியிருப்பு, விசுவமடு வழியாகப் பரந்தனுக்கு ஏறினால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. இதற்கே ஒரு முழுப் பகல் வேண்டும்.

வைகாசி விசாகப் பொங்கலை ஒட்டி வருகிறவர்களுக்கு ஒரு சொல். அந்த நாட்களில் வற்றாப்பளை சுற்றுலா இடம் அல்ல. சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, அந்த உப்புநீரில் விளக்கெரித்து, ஒரு கிழமை நோன்பிருந்து வருகிற சனம் அது. பொங்கலுக்கு வாருங்கள், கும்பிடுங்கள். ஆனால் அதே நாளில் குளமும் கடலும் பார்த்து முடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கோவிலுக்கு எத்தனையோ மைல் முன்பிருந்தே வீதி முழுக்க ஆட்கள் நடப்பார்கள்.

அடுத்தது, வழி. கூகுள் மப் வன்னிக் காட்டுக்குள் கோடு கீறிக் காட்டும். அந்தக் கோடு குளக்கட்டாகவும் இருக்கலாம், உழவு இயந்திரம் போய்வந்த தடமாகவும் இருக்கலாம். உள்ளுக்குள் போனால் பல இடங்களில் சிக்னலும் இல்லை. ஆகவே வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஆட்களைக் கேளுங்கள். கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "இந்தப் பாதை போகுமா?" என்று கேட்டால் "ஓம், போகலாம்" என்றுதான் பதில் வரும். சொல்கிறவர் சைக்கிளிலும் உழவு இயந்திரத்திலும் போகிறவர். அவருக்கு அது போகிற பாதைதான். "ஐயா, இண்டைக்கு இதால கார் ஏதும் போனதா?" என்று கேளுங்கள். அப்போதுதான் அவர் உங்கள் காரின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்ப்பார். சுண்டிக்குளப் பக்கம் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். பறவைகளைத் தேடிக் கரையை நோக்கிப் போனால் மணலில் சிறிய கார் அச்சு வரைக்கும் புதையும்.

மழைக்காலத்தில் இதெல்லாம் இன்னும் கடுமை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை, சில வருடங்களில் தை வரையும், எங்களுக்கு மாரி. குளம் நிரம்பி வான் பாய்கிறது என்று கேள்விப்பட்டால் பார்க்கத் தோன்றும். உண்மையில் அழகுதான். ஆனால் அந்த நீர் கீழே வீதிக்குக் குறுக்கே உள்ள தாழ்ந்த பாலங்களை, அதாவது தாம்போதிகளைக் கடந்துதான் கடலுக்குப் போக வேண்டும். 2018 டிசெம்பரில் ஒரே இரவு பெய்த மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் எப்படி மூழ்கின என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தாம்போதிக்கு மேலால் தண்ணீர் ஓடினால், முன்னால் பஸ் போனாலும் நீங்கள் காரை இறக்க வேண்டாம். பஸ்ஸின் பாரம் வேறு, காரின் பாரம் வேறு.

மாசி, பங்குனி அறுவடைக் காலம். நான் அதிகம் மனம் நோகிற இடம் இது. மாரி மழையில் விளைந்த காலபோக நெல்லை வெட்டியதும் காயப்போடக் களம் போதாத கமக்காரர்கள் தார் வீதியின் ஒரு பக்கத்தைப் பிடித்து நூறு, இருநூறு மீற்றருக்குப் பரப்புவார்கள். ஓரத்தில் கல்லோ மரக்குற்றியோ அடையாளமாக இருக்கும். மறுநாள் அந்தச் சொந்தக்காரர் வீடு திரும்பும்போது, வழி காட்ட நானும் காரில் ஏறியிருந்தேன். ஒரு வளைவில் எதிரே லொறி வந்தது. அவர் பிரேக்கில் கால் வைக்காமல் காரை நெல்லுக்கு மேல் ஏற்றிவிட்டார். சறசற என்று ஒரு சத்தம். மூதாட்டி ஒருவர் வெறுங்காலால் நெல்லைக் கோடு கோடாகக் கிளறிக்கொண்டு நின்றவர், விலகி நின்று, "பரவாயில்லை தம்பி, போங்கோ" என்றார். கண்ணாடியில் திரும்பிப் பார்த்தேன். அவர் குந்தியிருந்து, புல்லுக்குள் தெறித்த நெல்லை மண்ணோடு சேர்த்து உள்ளங்கையால் வழித்துக்கொண்டிருந்தார். ரயர் ஏறிய நெல் குற்றும்போது குறுணலாகப் போகும். ஈரம் என்று ஏற்கனவே விலையைக் குறைக்கிற வியாபாரிக்கு அது இன்னொரு சாட்டு. நெல் பரப்பியிருப்பதைக் கண்டால் நில்லுங்கள். எதிரே வருகிற வாகனத்தை விட்டுவிட்டுப் போங்கள். அரை நிமிடம்தான்.

அவசரத்துக்குப் பற்றைக்குள் ஒதுங்குவது இன்னொரு தவறு. சில பகுதிகளில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் ஓர் அடிகூட உள்ளே வைக்காதீர்கள். பலகை இல்லாத இடத்திலும் நடந்து பழகிய தடத்தை விட்டு விலக வேண்டாம். துருப்பிடித்த இரும்புத் துண்டு எதையும் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாங்குளம், ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு போன்ற சந்திகளில் சாப்பாட்டுக் கடை இருக்கும், கேட்டால் கழிவறையைக் காட்டுவார்கள். பெண்களும் வயதானவர்களும் வருகிற பயணம் என்றால் இதை முதலிலேயே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். பெற்றோலையும் ஏ9 இலேயே நிரப்பிக்கொண்டு இறங்குங்கள்.

குளத்தைக் கண்டதும் இறங்கிக் குளிக்கிற இளம் பெடியளுக்குச் சொல்கிறேன்: அலைகரையில் மண் அள்ளிய கிடங்குகள் தண்ணீருக்கு மேலே தெரியாது. முதலையும் உண்டு. தண்ணீர் திறந்துவிடும் துருசுக்குக் கிட்டப் போகவே கூடாது. ஊர்ச்சனம் குளிக்கிற துறையில், அவர்கள் இறங்குகிற அளவுக்கு மட்டும் இறங்குங்கள். முல்லைத்தீவுக் கடலும் அப்படித்தான், பார்க்க அமைதியாக இருக்கும், ஆனால் நம்ப முடியாது.

முள்ளிவாய்க்காலைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் உள்ள அந்த ஒடுங்கிய நிலத்தில்தான் 2009 மே மாதம் போர் முடிந்தது. அங்கே இருக்கிற வீடுகளில் ஆளை இழக்காத வீடு இருக்குமா என்று நான் கேட்க மாட்டேன். போங்கள், இறங்கி நில்லுங்கள், வேண்டுமானால் ஒரு விளக்கு ஏற்றுங்கள். காரில் போட்ட பாட்டை மட்டும் அந்தத் துண்டைக் கடக்கும் வரை நிறுத்துங்கள். வாசலில் நிற்கிற பிள்ளையையும் பாதி இடிந்த சுவரையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

திரும்புகிற நேரத்தைப் பின்னேரம் நான்கு மணி என்று வையுங்கள். கட்டாக்காலி மாடுகள் பொழுதுபட்டதும் சூடு தேடித் தாரில் படுக்கும். கறுத்த மாடு லைற் வெளிச்சத்தில் கடைசி நேரத்தில்தான் தெரியும். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டு வீதிகளில் யானையும் இறங்கும். கண்டால் ஹோர்ன் அடிக்காமல், லைற்றை மினுக்காமல், தூரத்திலேயே நிறுத்துங்கள். அது கடந்து போகும் வரை பொறுங்கள். வரவர நெருங்கினால் காரை மெதுவாகப் பின்னுக்கு எடுங்கள். இறங்கிப் படம் எடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

வன்னி என்றால் மரை வத்தல் (காயவைத்த மரை இறைச்சி) கிடைக்குமா என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். மரையையும் மானையும் வேட்டையாடுவதும் விற்பதும் குற்றம். நீங்கள் கேட்பதால்தான் காட்டுக்குள் இன்னொரு சுருக்கு விழுகிறது. வைகாசி, ஆனியில் வந்தால் வீதியோரம் பாலைப்பழம் விற்பார்கள், அதை வாங்குங்கள். பறித்த அன்றே சாப்பிட வேண்டிய பழம். காருக்குள் வெயிலில் வைத்தால் வீடு போய்ச் சேரும்போது புளித்துவிடும். உதட்டில் பால் ஒட்டும், பரவாயில்லை. விற்கிற அம்மாவுக்குப் பக்கத்திலேயே நின்று சாப்பிடுங்கள்.