இழுவை வேறு, நிறை வேறு: கப்பிக் கணக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை உப்புவெளியில் என்னிடம் இணைந்த கணிதம் படிக்க வரும் உயர்தரப் பிள்ளைகளில் பலர் கப்பியைக் கண்டதும் "இழுவை = நிறை" என்று எழுதிவிடுகிறார்கள். இழுவை என்பது கயிறு இழுக்கும் விசை; நிறை என்பது பொருளைப் புவி இழுக்கும் விசை. கிணற்றடியில் தண்ணீர் அள்ளும்போது இதை யோசித்துப் பாருங்கள். 10 கிலோ வாளியைச் சீரான வேகத்தில் இழுத்தால் கயிற்றின் இழுவை 100 நியூற்றன் (ஆர்முடுகல் என்பது வேகம் மாறும் வீதம்; புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 மீ/செக்² என எடுக்கிறேன்). மேல்நோக்கி 2 ஆர்முடுகலோடு வெடுக்கென இழுத்தால் 120. அதே ஆர்முடுகலோடு கீழே இறங்கவிட்டால் 80. வாளி மாறவில்லை, இயக்கம்தான் மாறியது.

நிலைத்த கப்பியின் இரு பக்கமும் 3 கிலோவும் 2 கிலோவும் தொங்கினால் ஆர்முடுகல் 2, இழுவை 24. இழுவை இரண்டு நிறைகளுக்கும், அதாவது 20க்கும் 30க்கும், நடுவில்தான் வரவேண்டும். வராவிட்டால் எங்கோ குறி பிழைத்திருக்கிறது. கப்பியின் அச்சு தாங்குவதும் 50 அல்ல, 48.

புள்ளிகள் அதிகம் பறிபோவது இயங்கும் கப்பியில். இழையின் ஒரு நுனி கூரையில். இழை 4 கிலோ தொங்கும் இலேசான இயங்கும் கப்பியின் கீழாகச் சென்று, நிலைத்த கப்பிக்கு மேலாக வந்து, மறு நுனியில் 3 கிலோவைத் தாங்குகிறது. இரண்டுக்கும் ஒரே ஆர்முடுகல் என்று போட்டால் 2 வரும், இழுவை 24 வரும். முழு எண்ணாக வருவதால் பிள்ளைகள் சந்தேகப்படுவதே இல்லை. அது பிழை. கப்பி 1 மீற்றர் ஏற, அதன் இரு பக்கத்து இழையும் 1 மீற்றர் குறையும். ஆகவே 3 கிலோ 2 மீற்றர் இறங்கும். கப்பியின் ஆர்முடுகல் 1.25, 3 கிலோவினது 2.5, இழுவை 22.5 என்பதே சரி. சமன்பாடு எழுதுமுன் இழையின் நீளத்தை எழுதுங்கள் என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான்.

வினாவில் "இலேசான, ஒப்பமான" (திணிவு புறக்கணிக்கத்தக்க, உராய்வற்ற) என்ற சொற்களைத் தாண்டிப் போகாதீர்கள். கப்பிக்குத் திணிவு இருந்து அது ஆர்முடுகலோடு சுழன்றால் இரு பக்க இழுவைகளும் சமமாகா.

முதற் கணக்கின் 3 கிலோ தரையில் பட்டு நின்றதும் 2 கிலோவும் நின்றுவிடாது. இழை தொய்ந்து இழுவை பூச்சியமாக, அது புவியீர்ப்பின் கீழ் மேலே போய்த் திரும்பும். இழை மீண்டும் இறுகும் கணத்தில் சக்திக் காப்பைப் பிரயோகிக்கவே கூடாது. உட்துறைமுகத்தில் கட்டிய படகின் தொய்ந்த கயிறு அலைக்குச் சடாரென இறுகுவதைப் பார்த்திருப்பீர்கள்; இங்கும் அப்படியொரு கணத்தாக்குத்தான், அதாவது ஒரு கணத்தில் வேகத்தை மாற்றிவிடும் உதறல்; அதில் சக்தி இழக்கப்படும். இறுகியதும் இரண்டும் 2 கிலோவின் வேகத்தில் ஐந்தில் இரண்டு பங்கோடு புறப்படும்.