கடையும் பாத்துக்கிட்டு ஊர் வேலையும் பாக்கறது எப்படி: ரெண்டாவது போன் ரொம்ப முக்கியம்

சின்ன ஊர்ல தொழில் பண்ணிக்கிட்டே பொது வேலையிலயும் இறங்கணும்னு நினைக்கற தம்பிங்க என்கிட்ட அடிக்கடி கேக்கறது ஒண்ணு தான், "அண்ணே, நீங்க யாருக்கு போன் பண்ணாலும் எடுக்கறாங்களே, எப்படி"ன்னு. உதவி கேட்டு ஒரு தடவ போன் பண்ணினா, வேலை முடிஞ்ச அன்னைக்கே என்ன ஆச்சுன்னு சொல்ல இன்னொரு தடவ போன் பண்ணுவேன், அவ்வளவு தான். முதல் போன எல்லாரும் பண்றாங்க, ரெண்டாவது போன பண்றவங்க ரொம்ப கம்மி. அதனால தான் முதல் போனோட நிறுத்திட்டவங்க நம்பர அடுத்த தடவ பாத்ததும் எதிர்ல இருக்கறவர் போன ஓரமா வெச்சிடறாரு.

இத நான் பட்டு தான் கத்துக்கிட்டேன். ஒரு ராத்திரி ஓ நெகட்டிவ் ரத்தம் அவசரமா வேணும்னு மெசேஜ் வந்துச்சு, நோயாளியோட மகன் நம்பரும் போட்டிருந்துச்சு. நான் இருந்த எல்லா குரூப்லயும் அத தள்ளி விட்டுட்டு, நம்ம கடமை முடிஞ்சுதுன்னு படுத்துட்டேன். விடியறதுக்குள்ள ரத்தம் கிடைச்சிருச்சு, ஆனா அந்தம்மா பொழைக்கல. நான் அனுப்பின மெசேஜ் மட்டும் ஊர் ஊரா சுத்திக்கிட்டே இருந்திருக்கு. பத்து நாள் கழிச்சு அந்த பையன பாத்தப்ப போன எடுத்து காட்டினாரு, வந்த கால் லிஸ்ட்ட விரலால மேல தள்ளறாரு தள்ளறாரு முடியவே இல்ல. "அம்மாவ எடுத்துட்டு போற நேரத்துல கூட ரத்தம் வேணுமான்னு கூப்பிட்டாங்கண்ணே, ஒவ்வொருத்தருக்கும் அம்மா போயிட்டாங்கன்னு நானே சொல்ல வேண்டியதா போச்சு"ன்னாரு. கோவமா கூட சொல்லல. அன்னைக்கு தான் மாத்திக்கிட்டேன்.

அதனால ரத்தம் கேட்டு மெசேஜ் போடறதா இருந்தா முதல் வரியிலயே தேதியும் எத்தனை மணி வரைக்கும் தேவைன்னும் போடுங்க, அப்புறம் ரத்த வகை, எத்தனை யூனிட், எந்த ஆஸ்பத்திரி. நம்பர் உங்க நம்பரா இருக்கட்டும். வீட்டு ஆளுங்க ஏற்கனவே கலங்கி போய் இருப்பாங்க, அவங்க தலையில அதையும் ஏத்தாதீங்க. கிடைச்ச உடனே, எங்கெங்க போட்டீங்களோ அங்கெல்லாம் "கிடைச்சிருச்சு, இனிமே யாரும் அனுப்ப வேண்டாம்"னு போடணும். என்னை கேட்டா மெசேஜே கடைசி வழி தான், இருநூறு பேருக்கு தட்டி விடறத விட சரியான ரெண்டு பேருக்கு நேரா போன் பண்றது மேல்.

அந்த சரியான ரெண்டு பேர் யாருன்னு தெரியணும்னா ஒரு நோட்டு வேணும். போன்ல இருக்கற காண்டாக்ட் லிஸ்ட் இதுக்கு பத்தாது, நான் தனியா ஒரு நீள நோட்டு வெச்சிருக்கேன். பேர், என்ன தொழில், எதுல கை குடுப்பார் (வண்டி இருக்கா, எழுத்து வேலை தெரியுமா, ராத்திரி கூப்பிட்டா வருவாரா), கடைசியா எப்ப என்ன கேட்டேன், முடிஞ்ச சேதிய சொல்லிட்டேனா. அந்த கடைசி கட்டம் காலியா இருந்தா அவர்கிட்ட புதுசா எதுவும் கேக்க மாட்டேன், முதல்ல பழைய சேதிய சொல்லிடுவேன். ரத்தம் குடுக்கறவங்களுக்கு கடைசியா குடுத்த தேதியும் எழுதி வெச்சிருக்கேன். உலக சுகாதார நிறுவனத்தோட வழிகாட்டுதல் படி ஒரு தடவ முழு ரத்தம் குடுத்தா ஆம்பளைங்களுக்கு 12 வாரம், பொம்பளைங்களுக்கு 16 வாரம் இடைவெளி விடணும், அது தெரியாம போன மாசம் குடுத்தவரையே திரும்ப கூப்பிட்டா அவருக்கும் சங்கடம் நமக்கும் நேரம் வேஸ்ட். இன்னொன்னு, சிவப்பணுவ குளிர்ல வெச்சா சுமார் 42 நாள் வரைக்கும் தாங்கும், ஆனா பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவற அணு) பொதுவா 5 நாள் தான். முகாம் வெச்சு ஒரே நாள்ல நூறு பேர திரட்டினா போட்டோ நல்லா இருக்கும், அடுத்த வாரம் பிளேட்லெட்டுக்கு ஆள் இருக்காது. முகாமுக்கு தேதி குறிக்கறதுக்கு முன்னாடி ரத்த வங்கியில போய் உங்களுக்கு எப்ப எவ்வளவு தேவைன்னு கேளுங்க, இத நிறைய பேர் கேக்கறதே இல்ல.

ஆள் பழக்கம் எப்படி பிடிக்கறதுன்னா, உங்க தொழில்ல இல்லாதவங்களோட பழகுங்க. மார்க் கிரானோவெட்டர்னு ஒரு சமூகவியல் அறிஞர் 1973ல ஒரு கட்டுரை எழுதினாரு, நெருங்கின நண்பர்கள விட எப்பவாவது பாக்கற தெரிஞ்சவங்க மூலமா தான் புது தகவல் வந்து சேருதுன்னு, ஏன்னா நெருங்கினவங்களுக்கு தெரிஞ்சது நமக்கும் ஏற்கனவே தெரிஞ்சிருக்கும். பல தொழில்காரங்க சேந்து பொது சேவை செய்யற ரோட்டரி சங்கத்த எடுத்துக்கோங்க, 1905 பிப்ரவரி 23ல சிகாகோவுல பால் ஹாரிஸ்னு ஒரு வக்கீல் கூட்டின முதல் கூட்டத்துல மொத்தம் 4 பேர் தான், வக்கீல், நிலக்கரி வியாபாரி, சுரங்க இன்ஜினியர், தையல்காரர். ஒவ்வொருத்தர் ஆபீஸ்லயும் மாத்தி மாத்தி கூடினதால தான், சுத்தி வர்றதுங்கற அர்த்தத்துல ரோட்டரிங்கற பேரே வந்துச்சு. முதல்ல ஒருத்தருக்கொருத்தர் வியாபாரத்துக்கு உதவியா தான் இருந்தாங்க, 1907 வாக்குல தான் ஊருக்கு பொது கழிப்பறை வேணும்னு இறங்கினாங்க. எனக்கு அதுல ரொம்ப பிடிச்சது அது தான், பேர் கிடைக்கற வேலையா பாக்காம ஜனங்களுக்கு தெனமும் தேவைப்படறத எடுத்தாங்க. ஆனா உலகம் முழுக்க பொம்பளைங்களையும் சேத்துக்கலாம்னு அவங்க விதிய மாத்தினதே 1989ல தாங்கறத இன்னைக்கும் என்னால ஏத்துக்க முடியல. நீங்க புதுசா ஆரம்பிக்கறீங்கன்னா முதல் நாள்ல இருந்தே பொம்பளைங்க இருக்கட்டும், கடை கண்ணி இல்லாதவங்களும் இருக்கட்டும், எந்த வீட்ல என்ன கஷ்டம்னு நம்மள விட அவங்களுக்கு தான் முதல்ல தெரியும்.

ஏற்கனவே இருக்கற அமைப்புல சேரறீங்கன்னா முதல் ஆறு மாசம் யோசனை எதுவும் சொல்லாதீங்க. நாற்காலி போடுங்க, கூட்டம் முடிஞ்சதும் மடக்கி வைங்க, வந்தவங்க பேர எழுதுங்க. யார் பேசறாங்க, யார் செய்யறாங்கன்னு அங்க நின்னா தான் தெரியும்.

இப்ப பணம். நல்ல மனுசங்க பேர் கெடறது பெரும்பாலும் இங்க தான், திருடினதால இல்ல, கலந்து வெச்சதால. பொது பணத்த ஒரு நாள் கூட கடை கல்லாவுல போடாதீங்க, நாளைக்கு எடுத்து வெச்சிடலாம்னு நினைப்பீங்க, சரக்கு லோடு வந்து நிக்கும், கை அங்க போயிடும். தனி அக்கவுன்ட், ரெண்டு பேர் கையெழுத்து, பத்து பைசா வாங்கினாலும் ரசீது. நன்கொடை குடுத்தவங்களுக்கு வேலை முடிஞ்ச ஒரு வாரத்துக்குள்ள வரவு செலவ ஒரே பக்கத்துல எழுதி அனுப்பிடுங்க, மீதி இருந்தா என்ன பண்ணலாம்னு அவங்கள கேளுங்க. இதுவும் ரெண்டாவது போன் தான். அப்புறம் பொது வேலைக்கு வேண்டிய சாமான் உங்க கடையிலயே இருந்தா என்ன பண்றது? என் பழக்கம், மூணு இடத்துல விலை வாங்கி கூட்டத்துல வெச்சிடுவேன், முடிவு எடுக்கறப்ப எழுந்து வெளிய போயிடுவேன். எங்கிட்ட வாங்கணும்னு முடிவானா லாபம் வைக்காம குடுத்துடுவேன், அதயும் பில்லுலயே எழுதிடுவேன்.

அதிகாரிங்க, அரசியல்வாதிங்கள பாக்க போறப்ப தனியா போகாதீங்க, ரெண்டு மூணு பேரா போங்க. கோரிக்கைய ஒரே பக்கத்துல எழுதி குடுத்து நகல்ல தேதியோட கையெழுத்து வாங்கிக்கோங்க. ரொம்ப முக்கியம், அதே சந்திப்புல உங்க கடை லைசென்ஸ் விசயத்த வாய் தவறி கூட எடுக்காதீங்க, ஒரு தடவ எடுத்துட்டா அதுக்கப்புறம் ஊருக்காக நீங்க எது கேட்டாலும் அவங்களுக்கு அது உங்க சொந்த வேலையா தான் தெரியும். வேலை நடந்தா அதே ஆபீஸ்ல பேப்பர தேடி எடுத்து குடுத்த கிளார்க்குக்கும் போய் சொல்லுங்க. அவர்கிட்ட யாருமே போய் சொல்றதில்ல.

நேரம் பத்தி ஒண்ணு சொல்லணும். வாரத்துல ஒரு சாயங்காலம், மாசத்துல ஒரு முழு நாள்னு வீட்ல உக்காந்து பேசி முடிவு பண்ணிக்கோங்க, ராத்திரி அவசரம் மட்டும் இதுக்கு விலக்கு. கடையில வேலை செய்யற பையன கேக்காம பந்தல் வேலைக்கு அனுப்பாதீங்க, அவன் சம்பளம் வாங்கறது கடை வேலைக்கு. முடியாதுன்னா உடனே முடியாதுன்னு சொல்லிடுங்க, பாக்கலாம்னு சொல்லி இழுத்தா அவங்க வேற ஆள தேடற நேரமும் போயிடும்.

பொறுப்பு கைக்கு வந்தா எப்ப விடறதுன்னு முதல் நாளே நாலு பேர் முன்னாடி சொல்லிடுங்க. ரோட்டரியில கிளப் தலைவர் பதவி ஒரு வருசம் தான், நானும் அந்த கணக்கு தான் வெச்சுக்கிட்டேன். போன தடவ பொறுப்ப குடுத்தப்ப அடுத்து வர்ற பொண்ணுகிட்ட அந்த நீள நோட்டையும் குடுத்தேன், கடைசி கட்டம் காலியா இருந்த 9 பேருக்கு அன்னைக்கு சாயங்காலம் ரெண்டு பேருமா உக்காந்து போன் பண்ணி முடிச்சோம்.