நாள்பட்ட இடுப்பு வலியா? தரையில உக்காராம சேர்லயே யோகா பண்ற வழி

வருஷக்கணக்கா இடுப்பு வலியோட இருக்கறவங்களப் பாத்து "யோகா பண்ணுங்க, சரியாயிடும்"னு சொல்லாத ஆளே இல்ல, ஆனா எப்படிப் பண்ணணும்னு யாரும் சொல்ல மாட்டாங்க. நானும் நம்பி ஒரு கிளாஸுக்குப் போனேன். ரெண்டாவது நாளே பச்சிமோத்தாசனத்துல (கால நீட்டி உக்காந்து முன்னாடி குனியறது) மாஸ்டர் முதுகுல கைய வச்சு ஒரு அமுக்கு அமுக்கினாரு, அதுக்கப்புறம் மூணு நாள் பாத்ரூமுக்கே சுவரப் பிடிச்சுட்டுதான் போனேன். தப்பு யோகாவுல இல்ல, வலி இருக்கற உடம்புக்குத் தகுந்த மாதிரி அத மாத்தாததுதான் தப்புன்னு புரியவே எனக்கு ரொம்ப நாள் ஆச்சு.

முதல்ல டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க. கால் நாளுக்கு நாள் பலம் கொறையுது, தொடை இடுக்குல மரத்துப்போகுது, ஒண்ணுக்கு ரெண்டுக்கு கட்டுப்பாடு இல்ல, காய்ச்சலோட முதுகு வலி, காரணமே இல்லாம எடை கொறையுது, இதுல எது இருந்தாலும் யோகாவ ஓரமா வச்சுட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

3 மாசத்துக்கு மேல இருக்கற வலியதான் நாள்பட்ட வலின்னு சொல்றாங்க. அடிபட்ட இடம் பெரும்பாலும் ஆறியிருக்கும், ஆனா நரம்பு மட்டும் பூனை ஏறினாலே கத்தற கார் அலாரம் மாதிரி ஆயிடும். அதனால நம்ம வேலை உடம்ப இழுத்து வளைக்கறது இல்ல, "அசைஞ்சா ஒண்ணும் ஆகாது"ன்னு அந்த நரம்புக்குக் கொஞ்சம் கொஞ்சமா பழக்கிவிடறது. 2017ல அமெரிக்க டாக்டர்கள் அமைப்பான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் வெளியிட்ட வழிகாட்டுதல்லயே, நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னாடி முயற்சி பண்ண வேண்டியதுல யோகாவும் ஒண்ணு.

சேர் போட்டா அது யோகாவே இல்லன்னு சொல்றவங்களும் உண்டு. சென்னையில இருந்த யோகா குரு கிருஷ்ணமாச்சார்யா, ஆளுக்குத் தகுந்த மாதிரிதான் யோகா இருக்கணும்னு சொல்லிக்கொடுத்தவரு, அவர்கிட்ட கத்துக்கிட்ட பி.கே.எஸ். ஐயங்கார் புனேல சேர், பெல்ட், போர்வைன்னு எல்லாத்தையும் வச்சே பாடம் எடுத்தாரு. அதனால கூச்சப்படாம சேர எடுத்துப் போடுங்க.

கை இல்லாத, சக்கரம் இல்லாத டைனிங் டேபிள் சேர் நல்லது. பிளாஸ்டிக் சேர் டைல்ஸ்ல வழுக்கும், வேணாம். சுவரோட ஒட்டிப் போடுங்க, பாதம் ரெண்டும் முழுசா தரையில படணும், எட்டலன்னா பழைய பேப்பர் கட்ட கீழ வைங்க.

மொதல்ல மூச்சு. 4 எண்ணி இழுங்க, 6 எண்ணி விடுங்க, ரெண்டு மூணு நிமிஷம் போதும், அடக்கவே கூடாது. விடற மூச்சு நீளமாக ஆக உடம்போட விறைப்பு தானா தளரும், தலை சுத்தினா எண்ணிக்கைய கொறைச்சுக்கோங்க. அப்புறம் கைய முட்டி மேல வச்சுட்டு மூச்சு இழுக்கும்போது நெஞ்ச லேசா முன்னாடி தள்ளுங்க, விடும்போது முதுக லேசா வளைங்க, 5, 6 தடவ. (எலும்பு பலம் கொறைஞ்சு சுலபமா உடையற ஆஸ்டியோபோரோசிஸ் இருக்கறவங்க இந்த முன்பக்கம் வளையறத விட்டுடுங்க.) அடுத்து மூச்சோட சேத்து கைய மேல தூக்கி இறக்குங்க, தோள் வலிச்சா தோள் மட்டம் வரைக்கும் போதும். சேர் முதுகப் பிடிச்சு முறுக்கறது எல்லாம் ஆரம்பத்துல வேண்டவே வேணாம்.

ரொம்ப நேரம் உக்காந்தாலே வலிக்குதா, சமையல் மேடையில ரெண்டு கையையும் வச்சு ரெண்டடி பின்னாடி நகந்து, முட்டிய லேசா மடக்கியே இடுப்ப பின்னாடி தள்ளுங்க, குக்கர் விசில் வர்ற வரைக்கும் இத விட்டு விட்டு பண்ணலாம். பிபி, கண் பிரஷர் இருக்கறவங்க தலைய நெஞ்சுக்குக் கீழ இறக்காதீங்க.

எனக்குப் பிடிச்சது கடைசி ஐட்டம்தான். தரையில போர்வை விரிச்சுப் படுத்து, கெண்டைக்கால் ரெண்டையும் சேர் மேல போட்டு 5லேருந்து 10 நிமிஷம். தரையில படுத்து எழுந்திரிக்க முடியாதவங்க கட்டில்லயே முட்டிக்குக் கீழ ரெண்டு தலகாணி வச்சுக்கலாம். எழும்போது நேரா எழாதீங்க, ஒருக்களிச்சுத் திரும்பி கைய ஊன்றி எழுந்திரிங்க.

இப்ப முக்கியமான விஷயம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வலிக்கு 0லேருந்து 10க்குள்ள ஒரு மார்க் போடுங்க. பண்ணும்போது 2 மார்க் ஏறினா பரவால்ல, மறுநாள் காலைல பழைய மார்க்குக்கு இறங்கியிருக்கணும். இறங்கலன்னா விட்டுடாதீங்க, எண்ணிக்கைய பாதியாக்குங்க. ஷாக் அடிச்ச மாதிரி கால் வரைக்கும் இறங்கற வலி, மரத்துப்போறது வந்தா அங்கயே நிறுத்திடுங்க.

அதவிட ஆபத்து வலி கம்மியா இருக்கற நாள்தான். இன்னைக்கு நல்லா இருக்கேன்னு வீடு மொத்தமும் துடைச்சு, பரண்ல ஏறி, யோகாவையும் ஒரு மணி நேரம் இழுத்துட்டு அடுத்த ரெண்டு நாள் படுத்த படுக்கை, இது எத்தன தடவ எனக்கு நடந்திருக்குன்னு கணக்கே இல்ல. அதனால இப்ப டைமர் வச்சுடறேன், 10 நிமிஷம்னா 10 நிமிஷம், எவ்ளோ நல்லா இருந்தாலும் அவ்ளோதான். ரொம்ப வலிக்கற நாள்ல மூச்சும் சேர் மேல கால் போடறதும் மட்டும். வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஏத்துங்க, மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க.

காலைல எழுந்த உடனே குனியற எதுவும் வேணாம், ராத்திரி முழுக்க படுத்ததுல முதுகெலும்புகளுக்கு நடுவுல இருக்கற டிஸ்க் தண்ணி உறிஞ்சி உப்பியிருக்கும், ஒரு மணி நேரமாவது நடமாடிட்டுப் பண்ணுங்க.

கிளாஸ் போகணும்னா சேரறதுக்கு முன்னாடி போன்ல ஒண்ணே ஒண்ணு கேளுங்க, "எனக்கு இடுப்பு வலி, சேர்ல உக்காந்து பண்ண விடுவீங்களா?" எங்க வலி, எவ்ளோ நாளா, டாக்டர் என்ன சொன்னாருன்னு அவங்க திருப்பிக் கேட்டா போய்ப் பாருங்க. "அதெல்லாம் போகப் போக சரியாயிடும் மேடம்"னு சொன்னா போன வச்சுடுங்க.