விமானி வேலைக்கு உடல் தகுதி: பணம் கட்டுவதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர் பக்கம் பிள்ளை விமானி ஆகப் போகிறான் என்றதும் வீட்டில் பணம் புரட்ட ஆரம்பிப்பார்கள். இ.பி.எப். (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுப்பார்கள், நகையை அடகு வைப்பார்கள், பயிற்சிப் பள்ளிக்கு முன்பணம் கட்டுவார்கள். மருத்துவப் பரிசோதனை கடைசியில்தான். எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுவே. முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் இல்லாதவர் பயணிகள் விமானம் ஓட்ட முடியாது. அதற்கு டவுன் கிளினிக் ரிப்போர்ட் போதாது. விமானப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

ஆண்பிள்ளைகளுக்கு முதல் கண்டம் நிறக்குருடு. தாய்வழியில் வருவது இது. தாய்வழித் தாத்தாவுக்குச் சிவப்பு பச்சை குழம்பும் என்றால், அம்மாவுக்குப் பார்வை சரியாக இருந்தாலும் மகனுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. நிறப் புள்ளிகளுக்குள் எண்ணை மறைத்துப் பார்வையைச் சோதிக்கும் இஷிஹாரா புத்தகத்தின் எண்களை இணையத்தில் பார்த்து மனப்பாடம் செய்வது வீண்வேலை. ஐரோப்பிய விதிப்படி 24 தட்டு (படம்) கொண்ட பதிப்பின் முதல் 15 தட்டுகளை வரிசை மாற்றிக் காட்டுவார்கள்; ஒன்றுகூடத் தவறக் கூடாது. ஏன் இத்தனை கறார்? இறங்கும்போது ஓடுபாதை ஓரத்து நான்கு விளக்குகளில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் உயரம் சரி. நான்கும் சிவப்பு என்றால் விமானம் மிகத் தாழ்ந்துவிட்டது.

கண்ணாடி போட்டால் வாய்ப்பு போச்சு என்பதெல்லாம் பழைய கதை. கண்ணாடியோடு தனித்தனிக் கண்ணில் 6/9, இரு கண்ணும் சேர்ந்து 6/6 (இயல்பான பார்வை) வந்தால் போதும். பறக்கும்போது உபரிக் கண்ணாடி ஒன்று கைவசம் இருக்க வேண்டும்.

வேலையில் சேர்ந்த பிறகு ஆளைக் கவிழ்ப்பது ரத்தக் கொதிப்பும் இனிப்பு நீரும் (சர்க்கரை நோய்). சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 60 வயதைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மாத்திரை சாப்பிடுவது தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, பரிசோதனைக்கு முன் நிறுத்துபவர்கள் உண்டு. கொதிப்பு ஏறி, அன்றே மாட்டிக்கொள்வார்கள். உண்மையில் பல கொதிப்பு மாத்திரைகளுக்கு அனுமதி உண்டு. ஐரோப்பாவில் அளவு தொடர்ந்து 160/95-ஐத் தாண்டினால்தான் தகுதி போகும். இன்சுலின் வேறு விஷயம்: சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம் என்பதால் அனைத்துலக விதி அதை ஏற்பதில்லை. பிரிட்டன் (2012 முதல்) போன்ற சில நாடுகள் மட்டும் கடும் கண்காணிப்போடு சிலரை அனுமதிக்கின்றன.

மூட்டு வலிக்குச் சந்தையில் வாங்கும் ஜாமு (மலாய் நாட்டு மருந்து) மாத்திரையும் ஆபத்து. சிலவற்றில் லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு பிடிபட்டிருக்கிறது. அது சர்க்கரையையும் கொதிப்பையும் ஏற்றிவிடும்.

சளி பிடித்தால் கிளினிக்கில் தரும் மஞ்சள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பறக்கக் கூடாது, தூக்கம் வரும். மாத்திரையே போடாமல் பறந்தால் தப்பில்லை என்றும் நினைக்காதீர்கள். மூக்கடைப்போடு இறங்கும்போது காதுக்குள் அழுத்தம் சமன் ஆகாது, செவிப்பறை கிழியலாம். மூக்கைப் பிடித்து ஊதினால் இரண்டு காதும் சுலபமாகத் திறக்கும்வரை லீவு போடுங்கள்.