வெயில் காலத்தில் முன்பல் கொம்பசிற்றைக் காப்பாற்றும் முறை

நான் வவுனியாவில் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். அந்தப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் புளோரைட் கூடுதல். பால்பல் விழுந்து முளைத்த முன்பற்கள் நான்கிலும் மண்ணிறத் திட்டுக்களோடுதான் வளர்ந்தேன். யாழ்ப்பாணத்துக்கு வந்து படிப்பிக்கத் தொடங்கிய பிறகு, சேர்த்த காசில் அந்த நான்கையும் கொம்பசிற் (பல்லின் நிறத்திலேயே வரும் பிசின் பூச்சு) வைத்து மூடினேன். முதல் சோளகத்திலேயே (தென்மேற்குக் காற்று வீசும் வெயில் காலம்) பளபளப்புப் போய், முரசு (ஈறு) ஓரத்தில் நூல் மாதிரி ஒரு பழுப்புக் கோடு விழுந்தது. அடுத்த வருடம் ஒரு பல்லின் மூலை உடைந்தது. திருத்தி, பொலிஷ் பண்ணி, பழக்கங்கள் சிலவற்றையும் மாற்றினேன். இந்த வருடச் சோளகம் முடியப் போகிறது. கோடும் இல்லை, உடைவும் இல்லை. என்ன மாற்றினேன் என்பதைத்தான் எழுதுகிறேன். வெனியர் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய ஓடு), கிரவுண் (பல் முழுவதையும் மூடும் உறை) போட்டவர்களுக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும்.

படி 1: வாய் காய விடாதீர்கள்

வெயில் பட்டுப் பல்லின் நிறம் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வெயில் செய்வது வேறு வேலை: அது வாயைக் காய வைக்கிறது. ஒரு நாளைக்கு அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை நமக்கு உமிழ்நீர் ஊறுகிறது. அதுதான் ரீக் கறையைக் கழுவுகிறது, புளிப்பைத் தணிக்கிறது, பல்லின் கடினமான மேற்படையான எனாமலுக்குக் கல்சியத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. கொம்பசிற் பூச்சி பிடிக்காது. ஆனால் அது ஒட்டியிருக்கும் பல்லுப் பிடிக்கும். உமிழ்நீர் குறைந்தால் முதலில் கெடுவது இரண்டும் சேரும் அந்த ஓரம்தான்.

எனக்குப் பின்னேரம் இரண்டு மணிக்குத் தகரக் கூரையின் கீழ் ரியூசன். தொடர்ந்து பேசிக்கொண்டே நிற்க, மேலுதடு முன்பல்லோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினால் வாய் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது ஒரு போத்தல் தண்ணீர் மேசையிலேயே இருக்கிறது. கால் மணித்தியாலத்துக்கு ஒரு வாய் எடுத்து, முன்பற்களுக்கு மேலால் ஒரு தரம் சுழற்றி விழுங்குகிறேன். ஒரேயடியாக அரைப் போத்தலைக் குடிப்பது தாகத்தைத் தீர்க்குமே தவிர, அடுத்த ஒரு மணித்தியாலத்துக்கு வாயை ஈரமாக வைத்திருக்காது.

இரவையும் கவனியுங்கள். ஃபான் காற்று முகத்தில் அடிக்க, வாயைத் திறந்தபடி படுத்தால், விடியும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடக்கும். ஃபானைக் கால் பக்கம் திருப்புங்கள். மூக்கடைப்பு இருந்தால் அதற்கு மருந்து பாருங்கள். தும்மலுக்கும் தோல் அரிப்புக்கும் போடும் குளிசைகள், சில பிறஷர் குளிசைகள் ஆகியவையும் உமிழ்நீரைக் குறைக்கும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். குளிசை தரும் டொக்டரிடம் வாய் காய்கிறது என்று சொல்லுங்கள்.

படி 2: தேசிக்காய்த் தண்ணி குடித்தவுடன் பல் தீட்டாதீர்கள்

நான் பிழை விட்டது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வெயிலால் வந்ததும் ஒரு பெரிய கிளாஸ் தேசிக்காய்த் தண்ணி குடிப்பேன். இனிப்பும் புளிப்பும் பல்லில் நிற்கக் கூடாது என்று, நேரே கிணற்றடிக்குப் போய்ப் பிரஷ் எடுத்துத் தீட்டுவேன். மாதக் கணக்கில் இதைச் செய்தேன், அதுவும் மிகுந்த அக்கறையோடு. கோடு விழுந்ததும் கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை, புளிப்பாய் என்ன குடிக்கிறீர்?" சொன்னேன். "குடிச்ச பிறகு என்ன செய்யிறீர்?" அதையும் சொன்னேன். "அதுதான்" என்றார்.

பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு; எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 5.5 அளவுக்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். தேசிக்காய்ச் சாறு 2க்கும் 3க்கும் இடையில் இருக்கிறது. கோலா வகைகளும் அப்படித்தான். குடித்த கையோடு எனாமலின் மேற்பரப்பு மெதுமையாகி இருக்கும். அந்த நேரத்தில் பிரஷ் போட்டால் அந்த மெதுமையான படையைத்தான் உரசி எடுக்கிறோம். கொம்பசிற் அப்படியே நிற்க, பக்கத்து எனாமல் மட்டும் தேய்ந்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு நுண்ணிய படி விழுகிறது. ரீயின் சாயம் போய்த் தங்குவது அந்தப் படியில்தான்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். குடிப்பதை ஒரேயிருப்பில் குடித்து முடியுங்கள். ஒரு மணித்தியாலமாக உறிஞ்சிக்கொண்டு இருக்காதீர்கள். ஸ்ட்ரோ இருந்தால் அதன் நுனியை நாக்கின் நடுவில் வையுங்கள். முடிந்தவுடன் வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள். நெஞ்செரிவால் புளித்தண்ணி வாய்க்கு வருபவர்கள் ஒரு கிளாஸ் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்துக் கொப்பளித்துத் துப்பலாம். பிறகு குறைந்தது அரை மணித்தியாலம் பொறுத்துத் தீட்டுங்கள். நெல்லி, புளி மாங்காய், சோடா எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. தாகத்துக்கு என்றால் தண்ணீருக்குப் பிறகு என் தெரிவு செவ்விளநீர். அதில் புளிப்பு மிகக் குறைவு.

படி 3: பிரஷும் பற்பசையும்

மெல்லிய நாருள்ள பிரஷ். புளோரைட் 1000 முதல் 1500 பிபிஎம் வரை உள்ள சாதாரண வெள்ளைப் பற்பசை. இது போதும்.

வெண்மையாக்கும் என்று விற்கும் பற்பசைகளை வாங்காதீர்கள். கரிப் பசை, உமிக்கரி, உப்புத்தூள் ஒன்றும் வேண்டாம். அவை கறையோடு கொம்பசிற்றின் பொலிஷையும் சுரண்டிவிடும்; சுரண்டிய இடம் அடுத்த கறையை இன்னும் வேகமாகப் பிடிக்கும். அல்ககோல் உள்ள மௌத்வாஷ் வாயை மேலும் காய வைக்கிறது. குளோர்ஹெக்சிடின் மௌத்வாஷ் முரசு நோய்க்கு நல்ல மருந்து, ஆனால் நாள்கணக்கில் பாவித்தால் பல்லில் மண்ணிறம் படியும். டொக்டர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பாவியுங்கள்.

கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் மோட்டார் சைக்கிளில் ஓடுபவர்கள் சோளகத்தில் செம்மண் புழுதியை வாயோடுதான் கொண்டுவருவார்கள். முதலில் கொப்பளித்து மண்ணை வெளியேற்றி, பிறகு பிரஷ் வையுங்கள்.

படி 4: முன்பல்லால் கடிக்கக் கூடாதவை

புளுக்கொடியல். இதை முதலில் எழுதாமல் விட முடியாது, ஏனென்றால் என் மூலை உடைந்தது இதில்தான். அம்மம்மா தேங்காய்ச் சொட்டோடு தட்டில் வைத்தார். நடுவால் முறித்து, நுனியை முன்பல்லில் வைத்து நெம்பினேன். சத்தம் பெரிதாக இல்லை; நாக்கு நுனியில் மணல் மாதிரி ஏதோ பட்டது, பிறகு பல்லின் ஓரம் கூராகக் கிழித்தது. அவித்துக் காய வைத்த பனங்கிழங்குதான் புளுக்கொடியல்; விறகு மாதிரி இருக்கும். கொம்பசிற் நேரே விழும் அழுத்தத்தை ஓரளவு தாங்கும், நெம்புவதைத் தாங்காது. நான் புளுக்கொடியலை விடவில்லை. பாக்குவெட்டியால் சின்னத் துண்டாக வெட்டி, கடைவாய்ப் பல்லில் வைத்துச் சப்பிச் சாப்பிடுகிறேன். கடைவாயிலும் வேலை செய்திருந்தால் மாவாக இடித்துச் சாப்பிடுங்கள்.

பனங்கட்டியும் அப்படியே. பனையோலைக் குட்டானில் வரும் கட்டியை அப்படியே வாயில் வைத்துக் கடிக்காமல் உடைத்து வைத்துக்கொள்ளுங்கள். நகம், நூல், சோடா மூடி எதையும் பல்லுக்குக் கொடுக்காதீர்கள். வேப்பங்குச்சியைக் கடித்துத் தும்பாக்குவதும் வேண்டாம்.

படி 5: பிளேன் ரீயும் மஞ்சளும்

கொம்பசிற் வைத்த முதல் இரண்டு நாளும் பிளேன் ரீ, மஞ்சள் கூடின கறி, வெற்றிலை தவிருங்கள். வெற்றிலையை அதற்குப் பிறகும் தொடாதீர்கள். பீங்கான் வெனியர் கறை பிடிக்காது. அதன் ஓரத்துப் பசை பிடிக்கும். பால் ரீக்கு மாறினால் கறை குறைவு: பாலிலுள்ள கேசீன் புரதம் தேயிலையின் தனினைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. பிளேன் ரீதான் வேண்டும் என்றால் குடித்துவிட்டுத் தண்ணீரால் கொப்பளியுங்கள்.

படி 6: கிளினிக்கில் வாய் திறந்து சொல்லுங்கள்

ஆறு மாதத்துக்கு ஒரு தரம் போங்கள். சோளகம் தொடங்க முன் ஒன்று, மாரி தொடங்க முன் ஒன்று என்று நான் வைத்திருக்கிறேன். பல் துப்புரவு செய்யக் கதிரையில் படுத்தவுடனேயே, "முன்பல்லில் கொம்பசிற் இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். அதிரும் ஸ்கேலர் முனை ஓரத்தில் பட்டால் கொத்துப்பட்டுப் போகும். பீங்கான் போட்டவர்கள் அமிலம் கலந்த புளோரைட் ஜெல் வேண்டாம் என்று கேளுங்கள், அது பீங்கானின் மினுக்கத்தை அரிக்கும். அமிலம் இல்லாத புளோரைட் வகையும் இருக்கிறது.

உதட்டுக்கு எஸ்பிஎஃப் 30 உள்ள பாம் பூசுங்கள். தேங்காயெண்ணெய் வெயிலைத் தடுக்காது.

பின்சேர்க்கை

ஒரு வாசகர் நைட் கார்டை (இரவில் பல் நெருமுவதிலிருந்து காக்கப் பல்லில் போடும் பிளாஸ்டிக் உறை) மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பகல் முழுக்க வெயிலில் நிறுத்தியிருக்கிறார். வளைந்து, பல்லுக்கு ஏறவில்லை. வீட்டில் நிழலில் வையுங்கள். கொதிதண்ணீரால் கழுவவே வேண்டாம். வளைந்ததைப் பலவந்தமாகப் போட்டால் கொம்பசிற் பெயரும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு விரதம் இருக்கும் ஒரு அக்கா, தண்ணீரும் குடிக்காத நேரத்தில் என்ன செய்வது என்று கேட்டிருந்தார். விரதத்துக்கு முன்பும் பின்பும் தீட்டுங்கள் அக்கா. உங்கள் முறையில் தடையில்லை என்றால் நடுவில் கொப்பளித்துத் துப்பலாம். பாரணையைப் பழச்சாற்றில் தொடங்காமல் தண்ணீரில் தொடங்குங்கள்.

இனிமேல்தான் கொம்பசிற் வைக்கப் போகிறவர்களுக்கு: வெண்மையாக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் செய்து, இரண்டு கிழமை விட்டுப் பிறகு கொம்பசிற் வையுங்கள். ப்ளீச் இயற்கைப் பல்லை மட்டும்தான் வெளுக்கும். ஏற்கெனவே வைத்த கொம்பசிற்றும் பீங்கானும் அப்படியே நிற்கும். கொம்பசிற்றின் நிறத்தைத் தெரிவுசெய்வதை யன்னல் வெளிச்சத்தில், போனவுடனேயே செய்யச் சொல்லுங்கள். பஞ்சு வைத்து வாயைத் திறந்தபடி கொஞ்ச நேரம் இருந்தால் பல் காய்ந்து, உண்மை நிறத்தைவிட வெள்ளையாகத் தெரியும். அந்த நிறத்துக்குப் பொருத்தி வைத்தால், பல் மறுபடி ஈரம் குடித்த பிறகு கொம்பசிற் மட்டும் சுண்ணாம்பாய்த் தனித்து நிற்கும்.