பிள்ளை வருமுன் மில்லைப் பழக்குங்கள்

சித்திரையில் எங்களுக்கு முதல் பிள்ளை கிடைக்க இருக்கிறது. மட்டக்களப்புக் களுவாஞ்சிகுடியில் மிளகாய்த்தூளும் இடியப்ப மாவும் அரைத்து, பக்கற் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிற என்னைப் போன்றவனுக்கு இதைவிட இடைஞ்சலான மாதம் கிடையாது. வருசப்பிறப்புக்கு முந்தின கிழமைகளில் மில் இரவிலும் ஓடும். மனைவி அரசாங்கப் பாடசாலை ஆசிரியை, முழுச்சம்பளத்தோடு 84 வேலை நாள் பிரசவ லீவு உண்டு. அரச உத்தியோகத்தில் இருக்கும் அப்பாமாருக்கும் 3 நாள் கிடைக்கும். சொந்தத் தொழில்காரனுக்கு அவனே எழுதிக்கொண்டால்தான் லீவு. அதை எப்படி எழுதுவது என்றுதான் சொல்ல வருகிறேன். ஏணை எங்கே கட்டுவது, பிள்ளைக்கு என்ன பூசுவது என்பதெல்லாம் மாமியின் இலாகா.

கிளினிக் கார்டில் போட்ட திகதியை நம்பி ஓடர் எடுக்காதீர்கள். 37 வாரம் முடிந்தால் பிள்ளை எப்பவும் வரலாம். அந்த நாளிலிருந்து நீங்கள் கடையில் இல்லை என்றே கணக்குப் போடுங்கள். நான் மாசி முடியுமுன்னரே கடைக்காரர்களுக்குச் சொல்லிவிட்டேன்: வருசத்து ஓடர் மார்ச் 20க்குள், அதற்குப் பிறகு இருக்கிற சரக்குத்தான். கோபிப்பார்கள் என்று நினைத்தேன். "முதல் பிள்ளையா? அப்ப போய்ப் பாருங்க தம்பி" என்று ஒரு முதலாளி பழைய பாக்கியையும் எடுத்துத் தந்தார். நல்ல செய்தியோடு போய்க் கடன் கேட்டால் கிடைக்கும் போலிருக்கிறது.

காசு விசயத்தில் இரண்டு வேலை. பிரசவ மாதத்தில் பணமாகிற மாதிரி பிந்திய திகதி போட்டு யாருக்கும் செக் கொடுக்காதீர்கள். வார்ட்டுக்கு வெளியே நிற்கும்போது செக் திரும்பிய செய்தி வரக்கூடாது. மற்றது, லாச்சியில் இருந்து வீட்டுக்கு அள்ளுவதை நிறுத்திவிட்டு, உங்களுக்கென்று ஒரு மாதச் சம்பளம் வையுங்கள். பிள்ளை வந்தபிறகு பால்மாவுக்கும் மருந்துக்கும் கை தானாக லாச்சிக்குப் போகும், பிறகு மிளகாய் வாங்கக் காசு இராது.

ஆனால் பெரிய வேலை போன்தான். எதற்கெல்லாம் உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு கிழமை கொப்பியில் எழுதிப் பாருங்கள். என்னுடையதில் விலை, கடன், மெசின் என்று மூன்றே விசயம் திரும்பத் திரும்ப வந்தது. விலையை மார்க்கர் பேனையால் பெரிதாக எழுதி பக்கற் ஒட்டும் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினேன். எந்தக் கடைக்கு எவ்வளவு வரை கடன் விடலாம் என்பதைக் கணக்கெழுதும் தங்கச்சியிடம் கொடுத்தேன். அதற்கு மேலே கேட்டால், "அண்ணன் வரட்டும்" என்பதுதான் பதில். அரைக்கும் மெசினின் பெல்ட் அறுந்தால் மாற்ற இன்னொன்று ஆணியில் தொங்குகிறது, பக்கத்திலேயே மெக்கானிக் பாஸின் நம்பர். வெறும் செக்கில் கையெழுத்து வைத்துவிட்டுப் போகலாம் என்று சிலர் சொல்வார்கள், அது வேண்டாம். சில்லறைச் செலவுக்குக் கையிருப்பு வைத்தால் போதும். அப்புறம் ஒரு சனிக்கிழமை போனை நிறுத்திவிட்டு எங்கேயாவது போங்கள். கல்லடிக் கடற்கரையில் எனக்குத்தான் கை துடித்தது. மில்லில் அன்று வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பக்கற் போட்டிருந்தார்கள். கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

மிளகாய்த் தொழில்காரருக்கு மட்டும் ஒன்று. சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் விரலில் காரம் நிற்கும். முதலில் தேங்காயெண்ணெய் தேய்த்து, நகத்தடிவரை பிசைந்து, அதன் பிறகு சவர்க்காரம் போடுங்கள். காரம் எண்ணெயில்தான் கரையும். தலைமயிரிலும் சேர்ட் கொலரிலும் தூள் இருக்கும், நான் படலையைத் திறந்தாலே மனைவி தும்முவா. இப்போது மில்லிலேயே குளித்து, சாரம் மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறேன். பத்தியக் கறிக்கு மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு எல்லாம் அரைத்துத் தருகிறேன் என்று கேட்டதற்கு, "உங்கட மில்லில அரைச்சா காரம் ஏறும், மருமகன். நான் உரலில இடிக்கிறன்" என்று மாமி முடித்துவிட்டா. ஊர் முழுக்க என் தூளை வாங்குகிறது, சொந்த வீட்டில் விலைபோகவில்லை.

கிளினிக்குக்கு ஒரு தடவையாவது கூடப் போங்கள். ஆம்பிளைகள் வெளியே மோட்டார்சைக்கிளில் சாய்ந்து நிற்பதுதான் வழக்கம். பரவாயில்லை, குடும்பநல மாதுவிடம் உள்ளே போய்க் கேளுங்கள். மனைவியின் இரத்தம் நெகட்டிவ் என்றால் உங்கள் இரத்த வகையையும் கேட்பார்கள், முதலிலேயே பார்த்து வையுங்கள். 1990 நம்பருக்கு அடித்தால் வரும் அம்புலன்சுக்குக் காசு இல்லை. மாரியில் பிரசவம் என்றால், வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் இருப்பவர்கள் வெள்ளம் ரோட்டை மறிக்குமுன்னரே கடற்கரைப் பக்கமான எழுவான்கரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிடுவது நல்லது.

பிறப்பைப் பதிய 42 நாள் தருகிறார்கள். விவாகப் பதிவுப் பத்திரத்தை இப்போதே தேடி எடுத்து வையுங்கள். பெயர்தான் எங்களுக்கு இன்னும் சரிவரவில்லை. அம்மா ஒன்று சொல்லுகிறா, மாமி ஒன்று சொல்லுகிறா, கணக்கெழுதும் தங்கச்சிகூட ஒரு லிஸ்ட் தந்திருக்கிறா.